நகரங்களை எடைபோட்ட மேதை இப்னு கல்தூன்

உப்பும் ஊசியும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். கொல்லன், தச்சன், தையற்காரன் ஆகியோர் இல்லாத ஊரும் அரிது. ஆனால் கண்ணாடிக் கலம் ஊதுவோனையும் நறுமணப் பொருள் கூட்டுவோனையும் காண வேண்டுமாயின் பெருநகரை நாடியே செல்ல வேண்டும். கல்வியும் மருத்துவமும் இவ்வாறே. தொடக்கப்பள்ளி நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. கல்லூரியோ பேருந்தில் செல்லும் தொலைவில் இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து தருவார் அருகில் உளர். இதயத்தை அறுத்துச் சீர்செய்வார் மாநகரில் மட்டுமே உளர். இவ்வேறுபாடு எதனால் விளைந்தது? எந்தத் தொழில் எவ்வளவு பெரிய ஊரில் நிலைக்கும்? எந்த ஊர் வளரும், எந்த ஊர் தேயும்?

இவ்வினாக்களை இன்று மானிடப் புவியியல் என்னும் துறை ஆராய்கின்றது. குடியிருப்புகளின் பரவல், சேவைகளின் பரவல் என அது தலைப்பிட்டுப் பேசும் செய்திகளை, ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணிப் பார்த்த பெருமகனார் ஒருவர் உளர். அவர்தாம் இப்னு கல்தூன். வரலாற்றுத் தத்துவத்தின் தந்தை என்றும் சமூகவியலின் முன்னோடி என்றும் அவரை உலகம் போற்றுகின்றது. ஆயின் ஊர்களையும் தொழில்களையும் பற்றி அவர் கண்ட உண்மைகள் நம்மிடையே மிகுதியாகப் பேசப்படுவதில்லை. அவ்வுண்மைகளை அவருக்குக் கற்பித்தவை நூல்கள் மட்டுமல்ல; அவர் வாழ்ந்த நகரங்களும், அவர் இழந்த மனிதர்களுமே ஆவர். ஆகவே அவர்தம் வாழ்வை அந்நோக்கில் ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் குடும்பமும்

அபூ ஸைத் அப்துர் ரஹ்மான் என்னும் இயற்பெயருடைய இப்னு கல்தூன், கி.பி. 1332ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், ஹிஜ்ரி 732 ரமளான் முதற்பிறையன்று, வட ஆப்பிரிக்காவின் தூனிஸ் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் தென் அரேபியாவின் ஹளரமௌத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். பின்னர் ஸ்பெயின் நாட்டின் ஸெவில் நகரில் பல தலைமுறைகள் செல்வாக்குடன் வாழ்ந்தவர்கள். 1248இல் அந்நகர் காஸ்டீல் மன்னன் வசமாயிற்று. அதற்குச் சற்று முன்னரே அக்குடும்பம் கடல் கடந்து மக்ரிப் நாட்டை அடைந்து, இறுதியில் தூனிஸில் நிலைகொண்டது.

ஸ்பெயினிலிருந்து அவ்வாறு வெளியேறியவர்கள் அவர்கள் மட்டுமல்லர். ஆயிரக்கணக்கானோர் தம் கைத்தொழில்களையும் உடன் எடுத்துக்கொண்டு வட ஆப்பிரிக்க நகரங்களில் குடியேறினர். தூனிஸ் நகரின் தொழில் நேர்த்தியில் அவர்கள் கைவண்ணம் கலந்திருந்ததைப் பிற்காலத்தில் இப்னு கல்தூன் எடுத்துக் காட்டுகின்றார். தொழில் என்பது மண்ணில் முளைப்பதன்று, மனிதரோடு இடம்பெயர்வது என்னும் பாடம் அவருக்குப் பிறந்த ஊரிலேயே கிடைத்துவிட்டது.

கொள்ளைநோய் கற்பித்த பாடம்

1347இல் மரீனிய சுல்தான் அபுல் ஹஸன் தூனிஸைக் கைப்பற்றினார். அவர் தம் படையோடு அறிஞர் குழுவொன்றையும் அழைத்து வந்தார். அக்குழுவில் இருந்த அல்ஆபிலீ என்னும் பேரறிஞரிடம் இளைஞர் இப்னு கல்தூன் தருக்கமும் தத்துவமும் பயின்றார். கல்வியில் திளைத்த அந்நாட்கள் நீடிக்கவில்லை. 1348இல் கருங்கொள்ளைநோய் மத்தியதரைக்கடல் துறைமுகங்களினூடே பரவித் தூனிஸையும் சூழ்ந்தது. அவருடைய தாயும் தந்தையும் அந்நோய்க்கு இரையாயினர். ஆசிரியர்கள் பலரும் மடிந்தனர். பதினேழு வயதை எட்டுமுன் அவர் இரு பெற்றோரையும் இழந்து நின்றார்.

எஞ்சிய அறிஞர்கள் மொரோக்கோவின் ஃபாஸ் நகருக்குத் திரும்பினர். அல்ஆபிலீயும் பின்னர் அங்கேயே அழைத்துக்கொள்ளப்பட்டார். தூனிஸில் பள்ளிவாசல்கள் இருந்தன, நூல்களும் இருந்தன, கற்பிப்பார்தாம் இல்லை. கட்டடங்கள் நகரமாகா, மக்களே நகரம் என்பதை இதைவிடக் கொடிய முறையில் ஒருவர் கற்க இயலாது. அக்கொள்ளைநோய் ஊர்களையும் தொழிற்கூடங்களையும் பாழாக்கி, வழிகளை மறையச் செய்து, வீடுகளை வெறுமையாக்கியதைத் தம் நூலில் அவர் பதிவுசெய்கின்றார். உலகமே புதிதாகப் படைக்கப்பட்டாற்போல் மாறிவிட்டது என்னும் உணர்வே தம்மை எழுதத் தூண்டியதென அவர் உணர்த்துவதும் எண்ணத்தக்கது.

அரசவைகளில் கழிந்த ஆண்டுகள்

தூனிஸ் அரசில் சிறு பதவியொன்றை ஏற்ற அவர், கல்வி வேட்கையால் 1354இல் ஃபாஸ் சென்று சுல்தான் அபூ இனானின் அவையில் சேர்ந்தார். அன்றைய மக்ரிப் நாட்டின் தலையாய நகர் ஃபாஸ். கரவிய்யீன் பள்ளிவாசலைச் சுற்றி அறிஞர் கூட்டம் நிறைந்திருந்தது.

உலகப் பயணி இப்னு பதூதா அக்காலத்தில்தான் நாடு திரும்பி அவ்வவையில் இருந்தார். 1344ஐ ஒட்டி நம் மதுரைக்கும் வந்து, அங்குப் பரவிய தொற்றுநோயைக் கண்டு எழுதியவர் அவர். தில்லி சுல்தானின் செல்வப் பெருக்கைப் பற்றி அவர் கூறியவற்றை ஃபாஸ் மக்கள் நம்பவில்லை. இப்னு கல்தூனும் ஐயுற்றார். அப்போது அமைச்சர் ஒருவர், காணாத ஒன்றைத் தன் அனுபவத்தின் சிறு அளவுகோலால் அளந்து மறுத்தல் கூடாது என்று அவரைத் திருத்தினார். இந்நிகழ்ச்சியை இப்னு கல்தூனே மறைக்காமல் எழுதியுள்ளார். ஒரு நகரின் வளம் அதன் மக்கட்பெருக்கத்தைப் பொறுத்தது. சிறிய ஊரைக் கொண்டு பெரிய ஊரை அளக்கலாகாது என்னும் தெளிவு இவ்வாறு அவருக்கு வாய்த்தது.

அரசவை வாழ்வு முள்மேல் நடப்பது போன்றது. சூழ்ச்சியில் பங்குண்டு என்னும் ஐயத்தின் பேரில் 1357இல் சிறையிடப்பட்ட அவர், மறு ஆண்டு சுல்தான் இறந்த பின்னரே வெளிவந்தார். 1362இல் கிரனாடா சென்றார். அங்கிருந்து 1364இல் தூதராக ஸெவில் சென்று மன்னன் பெத்ரோவைக் கண்டார். முன்னோர் வாழ்ந்த நகரில் அவர்தம் அடையாளங்களையும் கண்டார். தம்மிடமே தங்கினால் முன்னோரின் உடைமைகளைத் திருப்பித் தருவதாக மன்னன் கூறியும் அவர் இசையவில்லை. 1365இல் பிஜாயா நகரின் தலைமை அமைச்சரானார். அதே நகரில் பள்ளிவாசலில் பாடமும் நடத்தினார். மலைவாழ் பெர்பர் மக்களிடம் வரி தண்டவும் நேரில் சென்றார். அரசர் கொல்லப்பட்டபின் பிஸ்க்ராவில் தங்கிப் பாலைநில அரபுக் குலத்தாரிடையே பழகினார்.

அடிக்கடி தலைவரை மாற்றினார் என்று அவர்மீது குறை கூறுவோர் உண்டு. அக்குறையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அரண்மனை, சிறை, மலைச்சிற்றூர், பாலைக்கூடாரம் ஆகிய நான்கையும் உள்ளிருந்து கண்ட அறிஞர் மிகச் சிலரே. அவ்வலைச்சல் இன்றேல் அந்நூல் இல்லை.

கோட்டையில் பிறந்த நூல்

1375இல் அரசியலில் சலிப்புற்ற அவர், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் குடும்பத்துடன் அடைக்கலம் புகுந்தார். அங்கு ஏறத்தாழ நான்காண்டுகள் தங்கினார். அத்தனிமையில், 1377ஆம் ஆண்டில், ஐந்தே மாதங்களில் முகத்திமா என்னும் பெருநூலின் முதல் வடிவத்தை முடித்தார். உலக வரலாறாகிய கிதாபுல் இபர் என்னும் நூலுக்கு முன்னுரையாக எழுதப்பட்டது அது. முன்னுரையே முதன்மை நூலினும் புகழ்பெற்றது.

அந்நூலின் நான்காம், ஐந்தாம் இயல்கள் நகரங்களையும் வாழ்க்கைத் தொழில்களையும் பற்றியவை. அவற்றின் கருத்துகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, கூட்டுழைப்பு. தனியொருவன் தனக்கு வேண்டிய ஒரு நாள் உணவைக்கூடத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. தானியம் விளைய வேண்டும், அரைக்க வேண்டும், பிசைந்து சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கருவி வேண்டும். கருவிக்குக் கொல்லனும் தச்சனும் குயவனும் வேண்டும். பலர் கூடி உழைக்கும்போது அவர்தம் தேவைக்கு மேற்பட்ட விளைவு கிடைக்கின்றது. அம்மிச்சமே புதிய தொழில்களைத் தோற்றுவிக்கின்றது. எனவே மக்கள் பெருகப் பெருகத் தொழில்களின் எண்ணிக்கையும் நுட்பமும் பெருகும்.

இரண்டாவது, தொழில்களின் படிநிலை. தையல், கொல்வேலை, தச்சுவேலை போன்ற இன்றியமையாத் தொழில்கள் எவ்வூரிலும் இருக்கும். கண்ணாடி ஊதுதல், பொன்வேலை, நறுமணப் பொருள் ஆக்கம் போன்றவை வளம் மிக்க நகரில் மட்டுமே இருக்கும். இதற்கு அவர் காட்டும் சான்று சுவையானது. ஹம்மாம் எனப்படும் வெந்நீர்க் குளிப்பகம் பெருநகர்களிலேயே உண்டு. நடுத்தர ஊரொன்றில் ஆட்சியாளர் ஒருவர் ஆசையால் அதைக் கட்டித் திறந்துவிடலாம். ஆனால் அதை நாடும் மக்கள் போதிய அளவில் இல்லையெனில், நடத்துவோர் வருவாயின்றி விட்டகல்வர், கட்டடம் பாழடையும். சேவையை ஆணையால் தொடங்கலாம், நிலைநிறுத்த இயலாது என்பது இதன் பொருள்.

மூன்றாவது, விலைகள். பெருநகரில் தானியம் மலிவாகவும் ஆடம்பரப் பொருள்கள் அருமையாகவும் இருக்கும். தானியத்தை ஒவ்வொரு குடும்பமும் சேர்த்து வைப்பதால் அது மிஞ்சுகின்றது. ஆடம்பரப் பொருளையோ பலர் போட்டியிட்டு வாங்குகின்றனர். சிற்றூரில் நிலைமை தலைகீழ். ஊரின் வளம் இரவலர் வரையிலும் எட்டும் என்றும் அவர் காட்டுகின்றார். ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் ஃபாஸ் நகரத்து இரவலர் குர்பானிப் பிராணியின் விலையையே கேட்பர். இறைச்சியும் நெய்யும் ஆடையும் கேட்பர். திலிம்ஸான், வஹ்ரான் ஆகிய ஊர்களில் அவ்வாறு கேட்டால் கடிந்து விரட்டப்படுவர். இரவலனின் குரலைக் கொண்டும் நகரை எடைபோட்டவர் அவர்.

நான்காவது, நகரும் புறமும். நாட்டுப்புறத்தார் கருவிகளுக்கும் இன்றியமையாப் பொருள்களுக்கும் நகரைச் சார்ந்துள்ளனர். நகரத்தாரோ அவர்தம் பால், கம்பளி, தோல் ஆகியவற்றைப் பெறுகின்றனர். சார்பு இருவர்க்கும் உண்டெனினும், நாட்டுப்புறத்தாரின் தேவை உயிர்த்தேவை. ஆதலின் நகரின் கை மேலோங்குகின்றது. ஓர் அரசு வீழ்ந்தால் அதன் தலைநகரும் தேய்வது வழக்கம். ஆனால் சுற்றிலும் மக்கள் நிறைந்த மலைகளும் சமவெளிகளும் உடைய நகர், அரசு அழிந்த பின்னும் பிழைக்கும். ஃபாஸையும் பிஜாயாவையும் அவர் இதற்குச் சான்றாகத் தருகின்றார்.

ஐந்தாவது, இடத்தேர்வு. நல்ல நீர், நல்ல காற்று, மேய்ச்சல் நிலம், விளைநிலம், விறகு ஆகியவை அருகில் அமைதல் வேண்டும். தொடக்க கால அரபியர் கூஃபா, பஸரா, கைரவான் நகரங்களை அமைத்தபோது ஒட்டக மேய்ச்சலையே பெரிதும் கருதினர், பிறவற்றை எண்ணவில்லை என்று அவர் குறை காண்கின்றார். முன்னோர் பெருமை அவர் கண்ணை மறைக்கவில்லை.

ஆறாவதாக, கல்வியையும் அவர் தொழில்களின் வரிசையிலேயே வைக்கின்றார். கைரவானும் குர்துபாவும் செழித்தபோது கல்வியும் செழித்தது. அவை தேய்ந்தபோது கற்பித்தலும் அற்றுப்போயிற்று. ஆதலின் கல்வியை விரும்பும் சிற்றூர் இளைஞன் பெருநகரை நோக்கிப் பயணம் செய்தே ஆக வேண்டும் என்கின்றார்.

நகரை நாடி

தம் கோட்பாட்டுக்கு அவரே சான்றானார். வரலாற்று நூலைச் செம்மைப்படுத்த நூலகம் தேவைப்பட்டது. கோட்டையில் அமைதி இருந்தது, நூல்கள் இல்லை. ஆகவே 1378இல் தூனிஸ் திரும்பினார். அங்குப் பொறாமையும் சூழ்ச்சியும் சூழவே, 1382இல் ஹஜ் செய்யப் போவதாக விடைபெற்று இஸ்கந்தரிய்யா சென்று, அங்கிருந்து கெய்ரோவை அடைந்தார். அன்றைய இஸ்லாமிய உலகின் பெருநகர் அதுவே. மத்ரஸாக்களும் கடைத்தெருக்களும் மருத்துவமனையும் நிறைந்த அந்நகர் அவரை வியப்பில் ஆழ்த்தியது. அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார். 1384இல் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியாக நியமிக்கப்பட்டார்.

அதே ஆண்டில் பேரிடி விழுந்தது. சுல்தான் பர்கூக்கின் பரிந்துரையால் தூனிஸிலிருந்து அவர் குடும்பம் கப்பலேறியது. கரையை அடையுமுன் கப்பல் உடைந்தது. மனைவியும் பெண்மக்களும் கடலில் மாண்டனர். இளமையில் நோய் பெற்றோரைக் கொண்டது. முதுமையின் வாயிலில் கடல் குடும்பத்தைக் கொண்டது. பின்னர் அவர் 1387இல் ஹஜ் கடமையை நிறைவேற்றினார். காழிப் பதவி பலமுறை பறிக்கப்பட்டும் மீண்டும் அளிக்கப்பட்டும் மொத்தம் ஆறு முறை அவரை வந்தடைந்தது.

1401இன் தொடக்கத்தில் தைமூரின் படை திமிஷ்க் நகரை முற்றுகையிட்டது. உள்ளே இருந்த இப்னு கல்தூன் மதிலிலிருந்து கயிற்றால் இறக்கப்பட்டுத் தைமூரைச் சந்தித்தார். தைமூர் கேட்டவாறு மக்ரிப் நாட்டைப் பற்றி விரிவாக எழுதியும் கொடுத்தார். அறிஞனின் அறிவு ஆதிக்கத்தின் கைக்கருவியாகும் இடர் அன்றும் இருந்தது. திமிஷ்க் எரிந்தது. அதன் கைவினைஞர்கள் கூட்டங்கூட்டமாகச் ஸமர்கந்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒரு நகரின் தொழில்வளத்தைக் கவர விரும்பியவன் பொருளை மட்டும் கவரவில்லை, மனிதரையே பெயர்த்தெடுத்தான்.

1406ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், ஹிஜ்ரி 808 ரமளானில், கெய்ரோவில் இப்னு கல்தூன் இறையடி சேர்ந்தார். பாபுந் நஸ்ர் வாயிலுக்கு வெளியே ஸூஃபிகளின் அடக்கத்தலத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஒப்பீடும் எச்சரிக்கையும்

1933இல் ஜெர்மானியப் புவியியலார் வால்டர் கிறிஸ்டாலர், தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து மைய இடக் கோட்பாட்டை வெளியிட்டார். ஒரு சேவை நிலைக்க அதற்குக் குறைந்த அளவு மக்கள் தேவை. அதை நாடி மக்கள் செல்லக்கூடிய தொலைவுக்கு எல்லை உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து சிற்றூர், பேரூர், மாநகர் என்னும் படிநிலையை உண்டாக்குகின்றன என்பது அதன் சாரம். பாழடைந்த குளிப்பகத்தைப் பற்றி இப்னு கல்தூன் கூறியதும் முதற்பகுதியும் ஒத்திருத்தல் கண்கூடு.

இது கொண்டு, மேலைநாட்டார் கண்ட அனைத்தையும் நம்மவர் முன்னரே கண்டுவிட்டனர் என்று முழங்குதல் அறிவுடைமையாகாது. இப்னு கல்தூன் தொலைவுகளை அளக்கவில்லை. ஊர்களை அறுகோண வடிவில் வரையவில்லை. ஒருவர் நூலைக் கண்டு மற்றவர் எழுதினார் என்று நாம் கூறவும் வரவில்லை. கிறிஸ்டாலர் சமவெளியில் ஊர்கள் அமையும் ஒழுங்கைக் கண்டார். இப்னு கல்தூன் காலவெள்ளத்தில் ஊர்கள் எழுந்து வீழும் ஒழுங்கைக் கண்டார். தம் முன்னோர் அமைத்த நகரங்களிலேயே குறை கண்ட ஒருவரை வெறும் பெருமைக்காகப் பயன்படுத்துதல் அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

நமக்குள்ள கடன்

இம்மலரைக் கையிலேந்தும் மாணவருள் பலர் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பயணம் செய்து வருபவர்கள். இப்னு கல்தூன் குறிப்பிட்ட அந்தச் சிற்றூர் இளைஞன் இவர்களே. படித்தபின் இவர்கள் பெருநகருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்வர். செல்லற்க என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயின் கற்றவர் ஒவ்வொருவராக அகலும்போது, ஊரில் நூலகத்தை நாடுவார் குறைவர், பள்ளியில் சேர்வார் குறைவர், மருத்துவரும் தங்கார். குளிப்பாரற்ற ஹம்மாம் போல அவையும் ஒருநாள் மூடப்படும். கட்டடம் எழுப்பித் தருவதோடு கடமை முடிந்ததாகக் கருதும் பெரியோரும் இதை எண்ணிப் பார்த்தல் நன்று. அதைப் பயன்படுத்தும் கூட்டம் உருவாகாத வரை நன்கொடை நிலைத்த பயன் தாராது.

இப்னு கல்தூனும் ஊர் திரும்பவில்லை. கெய்ரோவில் கால் நூற்றாண்டுக்கு அணித்தாக வாழ்ந்தும் மக்ரிப் நாட்டு உடையை மட்டும் அவர் மாற்றவில்லை. ஹிஜ்ரி 799இல், அஃதாவது 1396ஐ ஒட்டி, தம் வரலாற்று நூலின் படியொன்றை ஃபாஸ் நகரத்துக் கரவிய்யீன் பள்ளிவாசல் நூலகத்திற்கு வக்ஃபாக எழுதி அனுப்பினார். தாம் இளமையில் கற்ற நகருக்கு முதியவர் செலுத்திய கடன் அது. அவர் கையெழுத்துத் தாங்கிய ஏடுகள் அந்நூலகத்தில் காக்கப்பட்டு வந்துள்ளன. தாம் போக முடியாத ஊருக்குத் தம் அறிவைப் போக்கினார் அவர். நம் மாணவரும் எங்குச் செல்லினும் இவ்வொன்றையேனும் செய்வாராக.